எழுதி வைத்தேன், சொல்லவில்லை

டில்லியில் திகார், ரோகிணி, மண்டோலி என்று மூன்று சிறை வளாகங்கள். அவற்றுக்குள் மொத்தம் 16 சிறைகள். அதில் ஒன்றின் மருத்துவப் பிரிவில் 6 வருஷம் ஆண் நர்ஸாக வேலை பார்த்தேன். எந்தச் சிறை, எந்த வருஷம் என்பது இங்கே வேண்டாம். இப்போது வேறு வேலைக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு ராத்திரி நடந்ததை மட்டும் இன்னும் மனசிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை.

டில்லிச் சிறைகளுக்குள் தமிழ்க் குரல் கேட்கும் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, அதாவது நம்ம பட்டாலியன்காரர்கள், பல வருஷங்களாக அங்கே காவல் பணியில் இருக்கிறார்கள். சாவி, தலைக்கணக்கு, வார்டு நிர்வாகம் எல்லாம் சிறைத் துறையின் ஹெட் வார்டர், வார்டர்கள் பொறுப்பு. கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது டில்லி போலீஸின் மூன்றாவது பட்டாலியன். மருந்து, ஊசி, பரிசோதனை எங்கள் பாடு. இப்படி ஒரே நாளில் ஒரு கைதி நாலு கை மாறுவார். ஒவ்வொரு கைக்கும் அவரைப் பற்றி ஒரு துண்டு விஷயம்தான் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் கோர்ட் வண்டிகள் வந்து நிற்கும்போது பார்க்க வேண்டும். டியோடி என்று சொல்லும் வாசல் கட்டடத்தில் புதுசாக வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எடை, பிரஷர், உடம்பில் காயம், இருமல், சர்க்கரை, வலிப்பு, குடி, ஸ்மாக் என்கிற போதைப்பொடி, சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா என்ற கேள்வி. ஒரு ஆளுக்குச் சில நிமிஷம்தான் கிடைக்கும். அதற்குள் படிவம் நிரம்பிவிடும். ஆளைப் பார்த்தோமா என்பது வேறு விஷயம்.

அன்று திங்கட்கிழமை. வரிசையில் ஒரு பெயிண்டர், முப்பத்திச் சொச்சம் வயசு. பெயரைக் கேட்டதும் தமிழர் என்று தெரிந்தது. பிறந்து வளர்ந்தது டில்லி ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில், பூர்வீகம் சேலம் பக்கம். இந்தியும் தமிழும் ஒரே மாதிரி சரளம். ஞாயிறு சாயங்காலம் பிடித்திருக்கிறார்கள். தினம் குடிப்பவர், 12 வருஷப் பழக்கம். கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனி மட்டும் லேசாக நடுங்கியது. டாக்டர் குடியை நிறுத்தியவர்களுக்குக் கொடுக்கும் டயஸிபாம் மாத்திரையும் தயமின் வைட்டமினும் எழுதினார். முதல் வேளை மாத்திரையை நானே கொடுத்தேன். பதிவேட்டிலும், ஹிஸ்டரி டிக்கெட் என்கிற அவருடைய விவரச் சீட்டிலும் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன்: 'ஆல்கஹால் வித்ட்ராயல், அப்சர்வ்.' குடியை நிறுத்தியதால் வரும் உபாதை, கவனித்துப் பார்க்கவும் என்று அர்த்தம். ஷிப்ட் முடிந்து கிளம்பினேன்.

மறுநாள் அவரைப் புதியவர்கள் வார்டிலிருந்து வேறு வார்டுக்கு மாற்றினார்கள். நெரிசல் உள்ள சிறையில் அது தினசரி நடப்பு. ஆள் போய்விட்டார், மருந்துப் பட்டியலில் அவர் பெயர் பழைய வார்டிலேயே நின்றுவிட்டது. செவ்வாய் பகலிலும் ராத்திரியிலும் அவருக்கு மாத்திரை போகவில்லை. சாயங்காலம் பக்கத்தில் படுத்தவரைத் தள்ளிவிட்டார் என்று தகராறு. வார்டில் அமைதி வேண்டுமே என்று அவரைத் தனி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

நான் அன்று நைட் டூட்டி. பின்னிரவு 1.40 இருக்கும், பட்டாலியன் பையன் ஒருத்தன் மூச்சு வாங்க மருந்தறைக்கு ஓடி வந்தான். அந்த வார்டுப் பக்கம் காவலில் இருந்த ஏட்டு அவனை அனுப்பியிருக்கிறார். உசிலம்பட்டிக்காரர், எனக்கு அண்ணன் வயசு. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொல்லியனுப்பியதைப் பையன் அப்படியே ஒப்பித்தான்: "சுவத்துல எறும்பு எறும்புன்னு தமிழ்ல கத்துறாப்ல. சுவத்துல ஒண்ணுமே இல்ல. தம்பிகிட்ட இத மட்டும் சொல்லு, அவருக்குப் புரியும்னாரு சார்."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வயிறு கலங்கியது. குடியை நிறுத்தியவர்களுக்கு முதல் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி கலங்கும். இல்லாத பூச்சி தெரியும், உடம்பு கொதிக்கும், வேர்வை ஊற்றும், நாடி பிய்த்துக்கொண்டு ஓடும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். நான் விரல் நுனியைப் பார்த்த அதே ஆள்.

ஹெட் வார்டர் அதற்கு முன்பே இரண்டு தடவை கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அந்தக் கத்தல் தமிழில் இருந்ததால் தன்னைத் திட்டுகிறான் என்றே நினைத்திருக்கிறார். "நௌடங்கி கர் ரஹா ஹை" என்றார் என்னிடமும். நாடகம் போடுகிறானாம். எறும்பு என்ற ஒரு சொல் புரிந்த ஆள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் காவல் நின்றதுதான் பெயிண்டரின் அதிர்ஷ்டம்.

ராத்திரிப் பூட்டு விழுந்த பிறகு அறையைத் திறப்பது லேசுப்பட்ட காரியம் கிடையாது. தப்பிக்க நோயைச் சாக்காக வைப்பவர்களும் உண்டு என்பதால் அதிகாரி வந்து நின்றால்தான் சாவி வரும். நாங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சரோடு 25 நிமிஷம் நின்றோம். அந்த 25 நிமிஷமும் அவர் சுவரிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார். நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் உறைந்திருந்தது. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எறும்பெல்லாம் போயிருச்சுப்பா, இங்க பாரு, என்னயப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலுக்கு மட்டும் அவ்வப்போது திரும்பினார்.

வெளி ஆஸ்பத்திரியில் 9 நாள். பிழைத்துவிட்டார்.

பிறகு விசாரணை. ஆளாளுக்குக் காகிதத்தைக் காட்டினோம். என் காகிதம் சுத்தமாக இருந்தது. தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் சரி. ஹெட் வார்டரிடம் என் வரியைக் காட்டி, இதைப் பார்க்கவில்லையா என்று அதிகாரி கேட்டார். அவர் என்னைப் பார்த்துச் சொன்ன பதில் இதுதான்: "அப்சர்வ் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவை எட்டிப் பார்த்திருக்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான். எழுதிவிட்டதாலேயே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. பழைய 1894-ம் வருஷச் சிறைச் சட்டத்தின் 37-வது பிரிவு, உடம்பாலோ மனசாலோ சுகமில்லாமல் தெரிகிற கைதியைப் பற்றிப் பக்கத்தில் இருக்கும் காவலர் தாமதமில்லாமல் ஜெயிலருக்குச் சொல்ல வேண்டும், ஜெயிலர் அதை மருத்துவப் பணியாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 38-வது பிரிவு இன்னும் கறார். டாக்டர் சொன்னதைத் தினம் தினம் ஹிஸ்டரி டிக்கெட்டில் பதிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரே அது நிறைவேறியதா இல்லையா என்று ஜெயிலர் எழுத வேண்டும். டில்லி 2000-ல் தனக்கென்று சிறைச் சட்டமும் 2018-ல் தனி விதிகளும் போட்டுக்கொண்டது. ஆனாலும் அந்த 38-வது பிரிவில் இருக்கிற யோசனையை நான் மறப்பதில்லை. எழுதியவர் ஒரு பக்கம், நிறைவேற்றியவர் ஒரு பக்கம், இரண்டு பேர் கையும் ஒரே தாளில். ஐ.நா.வின் 2015-ம் வருஷ நெல்சன் மண்டேலா விதிகளில் 27-வதும் இதையொட்டியதே: மருத்துவ முடிவை மருத்துவப் பணியாளர்தான் எடுக்க வேண்டும், மற்ற ஊழியர்கள் அதைத் தள்ளவோ கண்டுகொள்ளாமல் விடவோ கூடாது. சரி, கண்டுகொள்ள வேண்டுமானால் முதலில் அது அவர்களுக்குப் புரிய வேண்டுமே!

அதற்கப்புறம் நான் ஒரு சீட்டுப் பழக்கம் ஆரம்பித்தேன். மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது. கால் தாளில் பெரிய எழுத்தில் நாலே வரி, இந்தியில். எதைக் கண்டால் பதற வேண்டும், கண்டால் யாரைக் கூப்பிட வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எது வரைக்கும் கவனம் வேண்டும். அடுத்த முறை இதே மாதிரி ஒருவர் வந்தபோது எழுதிய சீட்டு தமிழில் இப்படி இருக்கும்:

"கை நடுக்கம் கூடினால், இல்லாததைப் பார்த்துப் பேசினால், வலிப்பு வந்தால், உடனே மருந்தறை. ராத்திரி எந்த நேரமானாலும். தனியாகப் பூட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை வரை."

நோயின் பெயர் அதில் இருக்காது. 'அப்சர்வ்' இருக்காது. கடைசி வரி முக்கியம். நாள் குறிக்காத எச்சரிக்கை ரெண்டு நாளில் சுவரோடு சுவராகிவிடும். வெள்ளிக்கிழமை வரை என்றால் வெள்ளிக்கிழமை வரை நிஜமாகவே பார்ப்பார்கள். ஆளை வார்டு மாற்றினால் சீட்டும் கூடவே போக வேண்டும் என்று வார்டரிடம் சொல்லி வைத்தேன். அதோடு தினம் காலைக் கணக்கெடுப்பு முடிந்ததும் அன்றைய வார்டு மாற்றப் பட்டியலை நானே போய் வாங்கி மருந்துப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். பத்து நிமிஷ வேலை. பெயிண்டருக்கு மாத்திரை நின்றுபோனது அந்தப் பத்து நிமிஷத்தை யாரும் செலவழிக்காததால்தான்.

சீட்டைக் கொடுத்துவிட்டு நகரக் கூடாது என்பதை இன்னும் தாமதமாகத்தான் கற்றேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் நின்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, "ராத்திரி என்ன பார்ப்பீங்க, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். முதலில் கூச்சமாக இருந்தது. 25 வருஷம் சர்வீஸ் போட்ட ஹெட் வார்டரைப் பாடம் ஒப்பிக்கச் சொல்வதா? அதனால் கேள்வியை மாற்றினேன்: "சாப், நான் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை, நீங்கள் புரிந்துகொண்டதை ஒரு தடவை சொல்லுங்களேன்." மரியாதை குறையாது, விஷயமும் தெரிந்துவிடும். பட்டாலியன் ஆட்களுக்குத் தமிழிலேயே சொன்னேன். அதுவரை அவர்களுக்கு யாரும் எதுவும் சொன்னதே இல்லை. மருத்துவப் பதிவேடு ஆங்கிலம், வார்டுப் பதிவேடு இந்தி, கம்பிக்குப் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க நிற்கிறவர்கள் பேசுவது தமிழ்.

எங்கள் பக்கத்து ஆணவத்தையும் சொல்லியாக வேண்டும். காக்கி உடுப்புக்காரர்கள் மருந்தறை வாசலுக்கு வந்தால் என்ன வேணும் என்ற தொனியில்தான் நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். தலைவலி மாத்திரைக்கு வந்திருப்பார்கள் என்று நினைப்பு. உட்காரச் சொன்னது கிடையாது. அந்த ராத்திரிக்குப் பிறகு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டேன். அண்ணன் ரோந்து முடிந்து வந்தால் அதில் உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் பேசுவார். பேச்சில் பாதி ஊர்க் கதை, மாட்டுக் கதை. மீதியில் எனக்கு வேண்டியது இருக்கும்.

ஜனவரி மாதம், பல் கிடுகிடுக்கும் குளிர். அப்படி உட்கார்ந்தபோதுதான் சொன்னார்: "தம்பி, அந்த ஓரத்து பேரக்ல கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தன் இருக்கான்ல. ஸ்வெட்டரைக் கழட்டிப் பக்கத்துல படுக்கிறவனுக்குக் குடுத்துட்டான். போர்வையையும் குடுத்துட்டான். இந்தக் குளிர்ல எவனாவது குடுப்பானா?"

என் பதிவேட்டில் அந்த ஆளுக்கு ஒரு குறையும் இல்லை. மாத்திரை சாப்பிடாத, தகராறு செய்யாத, ஆரோக்கியமான விசாரணைக் கைதி. அன்றைக்குக் காலையில் அவருடைய ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது கூட்டிப்போன போலீஸுக்குத் தெரியும். முந்தின வாரம் முலாகாத்துக்கு, அதாவது கைதியைப் பார்க்கும் நேரத்துக்கு, வந்த மனைவி பேசாமலே எழுந்து போனது அங்கே நின்ற காவலருக்குத் தெரியும். ஸ்வெட்டர் விஷயம் அண்ணனுக்குத் தெரியும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஆள் எங்கேயும் இல்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன், செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, உள்ளே அடைத்துக் கிடப்பதை வெளியே எடுக்க ஒரு வாசல் கிடைக்கிறது. அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துவிட்டு ஆமாம் என்றார். அப்புறம் அழுதார். டாக்டர் வந்தார், அவரை மனநல மருத்துவரிடம் காட்டினோம், அன்று ராத்திரி அவரைத் தனியாக விடவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போன் பேச அதிகாரி அனுமதி கொடுத்தார். தாயார் பேசினார்.

2017 முதல் 2021 வரை நாட்டின் சிறைகளில் நடந்த இயற்கையல்லாத மரணங்கள் 817. அதில் 660 தற்கொலை. உச்ச நீதிமன்றம் 2018-ல் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழுவின் கணக்கு இது. தேசிய மனித உரிமை ஆணையமும் 2023-ல் இதற்கென்றே அறிவுரை அனுப்பியது. உள்ளே வந்த முதல் சில நாள், ஜாமீன் மறுப்பு, தீர்ப்பு நாள், வீட்டிலிருந்து கெட்ட செய்தி, யாரும் பார்க்க வராத பண்டிகை நாள். ஆபத்து கூடுகிற இந்த நேரங்களில் பெரும்பாலானவை மருந்தறைக்குத் தெரியவே வராதவை. அதனால் கோர்ட்டிலிருந்து திரும்புகிற ஒவ்வொருவரிடமும் "இன்னைக்கு என்ன ஆச்சு" என்று வாசலிலேயே கேட்கும்படி தமிழ்நாட்டுப் பட்டாலியன் ஆட்களிடம் கேட்டுக்கொண்டேன். முகம் சரியில்லாதவர்களின் பெயர் மட்டும் எனக்கு வரும்.

இதில் ஒரு எல்லை உண்டு, அதை நான் கடைசி வரை விடவில்லை. காவல் பக்கத்துக்குச் சொல்வது உயிரைக் காக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். எச்.ஐ.வி. இருப்பவருக்குத் தினமும் நேரத்துக்கு மாத்திரை போக வேண்டும், கோர்ட்டுக்குப் போகிற நாளிலும் தவறக் கூடாது. இது வார்டருக்குத் தெரிய வேண்டும். எதற்கான மாத்திரை என்பது தெரிய வேண்டியதில்லை. ஒரு தடவை வார்டில் நோயின் பெயர் பரவிவிட்டால் அவருக்கு அங்கே படுக்க இடம் கிடைக்காது. அதே மாதிரி, கைதி என்னை நம்பிச் சொன்ன சொந்த விஷயத்தைச் சோதனைக்காரர்களிடம் போட்டுக்கொடுத்தால் மறுநாள் முதல் யாரும் என்னிடம் வாய் திறக்க மாட்டார்கள். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் சொல்லிவிடுவேன். அதையும் முதலிலேயே கைதியிடம் சொல்லிவிடுவேன்.

நாடகம் என்ற சொல்லோடு கடைசி வரை மல்லுக்கட்டினேன். வாக்குவாதம் செய்து பயனில்லை. "இருக்கலாம் சாப், ஆனால் அஞ்சு நிமிஷம் நான் பார்த்துவிடுகிறேன்" என்பேன். யாரும் மறுத்ததில்லை. கேட்டது கிடைக்கக் கையைக் கீறிக்கொள்கிறவர்கள் உண்டு, நிஜம். அவர்களில் சிலர் அடுத்த தடவை கீறலோடு நிறுத்துவதில்லை.

வீட்டார் செய்யக்கூடியதும் இருக்கிறது. கைதான உடனே மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவு சொல்கிறது. சர்க்கரை, வலிப்பு, மனநலம், காசநோய் எதற்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும் டாக்டரின் மருந்துச் சீட்டின் நகலை வக்கீலிடம் கொடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். உத்தரவிலேயே வந்துவிட்டால் சிறை வாசலில் அந்தக் காகிதத்துக்கு எடை கூடும். தினம் குடிப்பவர் என்றால் மானம் போகும் என்று மறைக்காதீர்கள். பெயிண்டரின் மனைவி பிறகு என்னிடம் சொன்னார், முன்பு ஒரு தடவை குடியை நிறுத்தியபோதும் அவருக்கு வலிப்பு வந்ததாம். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருக்கிறார். முலாகாத்தில் ஆள் வித்தியாசமாகத் தெரிந்தால், வெளியே வருவதற்குள் அங்கே நிற்கும் காவலரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

அண்ணனுக்கு ஊருக்குத் திரும்பும் உத்தரவு வந்தது. கம்பெனியே மாறுகிறது, புது ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். நியூடெல்லி ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டிய அன்று மத்தியானம், இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு மருந்தறைக்கு வந்தார். ஸ்டூலைக் காட்டினார். "இங்கதான் உக்காரணும். ராத்திரி எத்தனை மணின்னாலும் இவங்ககிட்ட வரலாம், திட்ட மாட்டாங்க" என்றார். பையன் தலையாட்டினான். அண்ணன் விடவில்லை. "தலைய ஆட்டாத. நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."